ரிங்டோனில் கேட்காமல் போன குடம்

காலை ஒன்பது மணிக்கு முறத்தை மடியில் வைத்தால் அம்மா மதியச் சோற்றுக்குத்தான் எழுந்திருப்பாள். முறத்தில் ஒரு பக்கம் நனைத்து வெட்டிய இலை, மறுபக்கம் தூள், ஓரத்தில் நூல்கண்டு. இலையில் தூளைப் பரப்பி உருட்டி, நூலைச் சுற்றி, முனையை மடக்கி அடைத்துப் போடுகிற அவள் கைவேகத்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். முக்கூடல் பக்கம் எங்கள் தெருவில் பாதித் திண்ணைகளில் இதே காட்சிதான். நான்கைந்து பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். பேச்சு ஒரு பக்கம் ஓடும், கை ஒரு பக்கம் ஓடும்.

அந்த நேரத்தில் கைபேசி அடித்தால்தான் சங்கடம். ஈரமும் புகையிலைத் தூளும் அப்பிய விரல்களைச் சேலையில் துடைக்க வேண்டும். பாதி உருட்டிய பீடியைக் கீழே வைத்தால் விரிந்துகொள்ளும். இத்தனையும் செய்து எடுத்தால், கடன் வேண்டுமா என்று கேட்கும் யாரோ ஒருவரின் குரல். அடுத்த முறை அந்தக் குரலாகத்தான் இருக்கும் என்று எடுக்காமல் விட்டால், அழைத்தது ஷார்ஜாவில் இருக்கும் என் தம்பி. திண்ணையில் கிடக்கும் ஐந்து கைபேசிகளுக்கும் வாங்கும்போதே வைத்திருந்த ஒலிதான். ஒன்று அடித்தால் ஐந்து பேரும் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

"எடுக்காமலே யார் என்று தெரிய வேண்டும் எய்யா. அதற்கு ஒரு வழி செய்துகொடு" என்றாள் அம்மா, போன பங்குனியில் நான் சென்னையிலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது. ரிங்டோன் எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நமக்குப் பிடித்த பாட்டு நாலு பேர் காதில் விழட்டும் என்றுதான் பெரும்பாலும் அதை வைத்துக்கொள்கிறோம். அம்மாவுக்கு வேண்டியிருந்தது வேறு: அழைக்கிறவரின் பெயரை அவள் காது வாசிக்க வேண்டும்.

சொந்த ஒலியைக் கைபேசியில் வைக்கும் ஆசை கைபேசி அளவுக்கே பழையது. 2000-ல் வந்த நோக்கியா 3310-ல் எண் விசைகளைத் தட்டி ஒவ்வொரு சுரமாக மெட்டுக் கட்டும் வசதி இருந்தது. பாளையங்கோட்டையில் நான் படித்த நாட்களில், எந்த விசையை எத்தனை முறை அழுத்தினால் எந்தப் பல்லவி வரும் என்று எழுதிய காகிதங்கள் விடுதி அறைகளில் கைமாறும். அரை மணி நேரம் தட்டினால் ஒரு வரி தேறும். அந்த நிறுவனத்தின் அடையாளமாக உலகம் முழுக்க ஒலித்த மெட்டும் சொந்தமாகக் கட்டியது அல்ல. ஸ்பெயின் நாட்டு கித்தார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகா 1902-ல் இயற்றிய ஒரு வால்ட்ஸ் இசையிலிருந்து எடுத்த துண்டு அது. பிறகு பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பாலிபோனிக் வந்தது, எஸ்.எம்.எஸ். அனுப்பிக் காசு கொடுத்து இறக்கிக்கொண்டோம். அதற்கும் பிறகு மெமரி கார்டு. அம்பாசமுத்திரத்தில் 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்ட கடைகளில் வரிசையில் நின்றிருக்கிறேன். அன்றைக்கே எந்த எம்பி3 கோப்பையும் ரிங்டோனாக வைக்க முடியும் என்றாகிவிட்டது. ஆனால் அந்த மாதம் எல்லாரும் வைத்திருந்த பாட்டையேதான் நாமும் வைத்தோம்.

வேலையைத் தொடங்கும் முன் திண்ணையில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு மைனி, தான் காசு கட்டிப் பாட்டு வைத்து இரண்டு மாதமாகிறது, தன் கைபேசி இன்னும் பழையபடியே அடிக்கிறது என்று வருத்தப்பட்டார். அவர் வைத்திருந்தது காலர் டியூன். அது நெட்வொர்க் நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது, அழைக்கிறவர் காதில்தான் விழும், அதற்குத்தான் சந்தா. ரிங்டோன் நம் கைபேசிக்குள்ளேயே இருக்கும் ஒரு கோப்பு. நம் பக்கத்தில் மட்டும் கேட்கும், யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. மைனிக்கு அன்றே அந்தச் சந்தாவை நிறுத்திக்கொடுத்தேன்.

என் அழைப்புக்கு என்ன வைப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அப்பா இருபத்தைந்து வருடம் வில்லிசைக் குழுவில் குடம் அடித்தவர். பங்குனியிலும் சித்திரையிலும் ஆடியிலும் அவரை வீட்டில் பார்க்க முடியாது. சுடலைமாடன் கொடை, இசக்கியம்மன் கொடை என்று கோயில் திருவிழாக்களுக்கு ஊர் ஊராகப் போய்விடுவார். முழங்கால் மடக்கி உட்கார முடியாமல் போன பிறகு விட்டுவிட்டார். 1994 சித்திரையில் ஒரு கொடையில் மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரிலிருந்து நேரே பதிவுசெய்து கொடுத்த கேசட் ஒன்று மர பீரோவில் துணிக்கு அடியில் இருக்கிறது. அப்பா வாசித்த ஒலி என்று வீட்டில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

டேப் ரெக்கார்டரின் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயரை மடிக்கணினிக்கு இழுத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவுசெய்தேன். அந்த டேப் ரெக்கார்டரில் கேசட்டை வேகமாக ஓட்டிப் பதிய வழி இல்லை. ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. கதை சொல்லி நிறுத்தும் ஓர் இடத்தில் வில்லின் மணிகள், உடுக்கை, ஜால்ரா, கட்டை, குடம் எல்லாம் ஒன்றாக எழுந்தன. ஹெட்போனில் கேட்கும்போது மயிர்க்கூச்செறிந்தது. அதில் 28 விநாடிகளை வெட்டி, அம்மாவின் கைபேசியில் என் பெயருக்கு வைத்து, கொல்லைப்புறம் போய் நின்று அழைத்தேன்.

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியில் இருந்த அப்பா ஒன்றும் பேசவில்லை. இன்னொரு முறை அடிக்கச் சொன்னார். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு கேட்டார்: "எல்லாரும் இருக்கிறார்கள். என் குடம் எங்கே எய்யா?"

இல்லைதான். மணி கேட்டது, ஜால்ரா கேட்டது, உடுக்கையில் பாதி கேட்டது. குடத்தைச் சுத்தமாகக் காணவில்லை. அப்பாவுக்காக வெட்டிய துண்டில் அப்பாவே இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் கைபேசியின் ஒலிபெருக்கி. ஆழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கொடையில் கட்டும் பெட்டியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு கூம்பு முன்னும் பின்னும் அசைந்து அதைச் செய்கிறது. கைபேசிக்குள் இருப்பதோ விரல் நகத்தளவு சவ்வு. 300, 400 ஹெர்ட்ஸுக்கு, அதாவது விநாடிக்கு அத்தனை அதிர்வுக்கு, கீழே போகப் போக அதனால் காற்றைத் தள்ளவே முடிவதில்லை. குடத்தின் வாயில் அடிக்கும்போது எழுகிற 'தும்' என்ற முழக்கம், கணினியில் விரித்துப் பார்த்தபோது 120 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிந்து கிடந்தது. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறத்தாழ 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில். ஜால்ராவும் மணியும் அங்கேதான் வாழ்கின்றன. தவிலின் தொப்பிப் பக்கமும் மிருதங்கத்தின் இடப்பக்கமும் கைபேசியில் மங்கிப்போவதற்கும் இதுதான் காரணம்.

முதலில் எல்லாரும் செய்கிற தவறையே நானும் செய்தேன். கேட்காத ஆழ்ந்த ஒலியைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். குடம் வரவில்லை, சவ்வு மட்டும் அதிர்ந்து கரகரத்தது. அந்தக் கரகரப்பில் ஜால்ராவும் கெட்டது. ஒலிபெருக்கியால் முடியாததை அதன் தலையில் ஏற்றினால், முடிந்ததையும் செய்யாமல் விட்டுவிடும்.

வழி சொன்னது அப்பாதான். மறுநாள் காலை காப்பி குடித்துக்கொண்டே, "வாய் ஓசையைத் தேடாதே. காசைத் தேடு" என்றார்.

குடம் அடிக்கிறவரின் ஒரு கை குடத்தின் வாயில் பத்தி என்ற தட்டையான மட்டையால் அடிக்கும். இன்னொரு கை சும்மா இருக்காது. அப்பா இடக்கையில் ஒரு பழைய காசை இடுக்கிக்கொண்டு குடத்தின் மேனியில் தட்டுவார். தும் தும் என்று போகும் நடையின் இடைவெளிகளையெல்லாம் அந்தக் காசு நிரப்பும். மண்ணில் உலோகம் படும் 'டிக்' ஒலி. கொடை மேடையில், ஒலிபெருக்கியின் முழக்கத்தில், அதை யாரும் தனியாகக் கவனிப்பதில்லை. சிறு வயதில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே அது மறந்துபோயிருந்தது. கைபேசிக்கு வேண்டியதோ அந்த 'டிக்'தான்.

திரும்பவும் கேசட்டைக் கேட்கத் தொடங்கினோம், இந்த முறை அப்பாவும் சேர்ந்து. இரண்டாம் பக்கத்தில் கதை சொல்லும் புலவர் தண்ணீர் குடிக்க நிறுத்திய ஓர் இடத்தில் அப்பா ஏறக்குறையத் தனியாகவே குடத்தை ஓட்டியிருந்தார். காசு மழைபோல் விழுந்தது. நான் இதுதான் என்றேன். அப்பா கையை உயர்த்தினார். "அது வேண்டாம். மூன்றாவது சுற்றில் ஒரு தட்டு பிந்துகிறது." எத்தனையோ முறை ஓட்டிக் கேட்டும் என் காதுக்கு அது பிடிபடவில்லை. கணினித் திரையில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், உண்மைதான், மயிரிழை அளவு ஒரு தட்டு தள்ளி விழுந்திருந்தது. முப்பது வருடத்துக்கு முன் நள்ளிரவு தாண்டிய ஒரு நேரத்தில் பிந்திய ஒரு தட்டை அவர் கை இன்னும் மறக்கவில்லை. நகர்த்திச் சரிசெய்துவிடவா என்று கேட்டேன். "அடித்தது அடித்ததுதான். வேறு இடம் பார்" என்றார். அன்று மாலை முழுவதும் பார்த்தோம். விளக்கேற்றும் நேரத்தில்தான் அவருக்கு ஒப்புதலான இடம் கிடைத்தது. அவர் குடமும் ஜால்ராவும் மட்டும் பேசிக்கொள்கிற 26 விநாடிகள்.

இனிக் கைவேலை. இதையே செய்ய நினைக்கிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். ஆடாசிட்டியில் 'ஹை பாஸ்' வடிகட்டியால் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை நீக்கினேன். எப்படியும் கேட்கப்போவதில்லை, அது போனால் மற்ற ஒலிகளுக்கு இடம் கிடைக்கிறது. 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை கொஞ்சம் உயர்த்தினேன். 'கம்ப்ரஸர்' வைத்து மெல்லிய தட்டுகளைத் தூக்கி, உரத்த தட்டுகளை அடக்கினேன். பல கைபேசிகளில் ஒலிபெருக்கி ஒன்றுதான் என்பதால் இடம், வலம் இரண்டையும் சேர்த்து மோனோ ஆக்கிக்கொள்வது நல்லது. பிறகு முக்கியமான ஒன்று: கோப்பு முதல் தட்டிலேயே தொடங்க வேண்டும். முன்னால் ஒரு விநாடி மௌனம் இருந்தாலும், மெல்ல மெல்ல உயரும்படி வைத்தாலும், அந்த நேரம் வீணாகிறது. நம்மிடம் இருக்கும் நேரமோ குறைவு. பதில் இல்லாத அழைப்பு கைபேசியில் 30 விநாடி அடிக்கலாம், வீட்டுத் தொலைபேசியில் 60 விநாடி என்று 2019 நவம்பரில் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் வரையறுத்தது. ஐந்து நிமிடப் பாட்டை முழுதாக வைத்தால் பல்லவி வருவதற்குள் அழைப்பு முடிந்துபோகும். சரணத்தில் உயிர் இருந்தால் சரணத்தை வெட்டி வையுங்கள்.

கோப்பை ஏற்றுவதிலும் சில கண்ணிகள் உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியின் உள் நினைவகத்தில் 'ரிங்டோன்ஸ்' என்ற பெயரில் ஒரு கோப்புறை இருக்கும். அதில் போட்டுவிட்டால் ஒலி அமைப்புகளின் பட்டியலில் நம் கோப்பும் வந்து நிற்கும். ஒவ்வொருவருக்கும் தனி ஒலி வேண்டுமென்றால் தொடர்புகளில் அவர் பெயரைத் திறந்து அங்கே ரிங்டோனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அம்மாவின் கைபேசியில் அந்த வாய்ப்பே தென்படவில்லை. எண்கள் எல்லாம் சிம் கார்டில் இருந்தன. சிம்மில் பெயரும் எண்ணும்தான் நிற்கும், ஒலியை அதனோடு முடிந்து வைக்க இடம் இல்லை. பெயர்களைக் கைபேசிக்கு மாற்றிய பிறகுதான் வழி பிறந்தது.

தம்பி ஷார்ஜாவிலிருந்து வாட்ஸ்அப்பில்தான் பேசுவான். தொடர்புகளில் வைத்த ஒலி அதற்குச் செல்லாது. வாட்ஸ்அப்பில் அவன் உரையாடலைத் திறந்து, அழைப்புக்கான ஒலியை அங்கே தனியாக மாற்ற வேண்டும். ஐபோன் வைத்திருப்பவர்கள் நீண்ட காலம் கணினியையோ வேறு செயலியையோ சுற்றிக்கொண்டு, கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றித்தான் இதைச் செய்தார்கள். 2025-ல் வந்த ஐஓஎஸ் 26-லிருந்து 30 விநாடிக்குக் குறைந்த கோப்பை நேரடியாகவே ரிங்டோன் ஆக்கிக்கொள்ளலாம்.

நான் சென்னைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் ஒரு நாள் முழுக்க அம்மா எடுக்கவே இல்லை. பதறிப்போய்ப் பக்கத்து வீட்டு மைனியை அழைத்தேன். அம்மா முறமும் கையுமாகத் திண்ணையில் நலமாக இருந்தாள். நடந்தது இதுதான்: வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியிருந்த கோப்பை, ஊரில் இருந்த அவசரத்தில் அது இறங்கிய இடத்திலிருந்தே ரிங்டோனாக வைத்துவிட்டேன். இடம் நிறைந்துவிட்டது என்று கைபேசி சொன்னதும் உறவுக்காரப் பையன் ஒருவன் வாட்ஸ்அப் கோப்புகளை மொத்தமாக அழித்திருக்கிறான். ஒலி போனதும் கைபேசி பழைய ஒலிக்கே திரும்பிவிட்டது. அம்மா அதை வேறு யாருடையதோ என்று விட்டுவிட்டாள். குடம் கேட்டால்தான் நான் என்பதில் அவள் அவ்வளவு உறுதியாக இருந்திருக்கிறாள். அடுத்த முறை போனபோது முதல் வேலையாகக் கோப்பை 'ரிங்டோன்ஸ்' கோப்புறையில் நகலெடுத்து வைத்தேன். மடிக்கணினியிலும் ஒன்று, தம்பியிடம் ஒன்று.

மற்றவர்களுக்கும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. காருக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்கு நாதஸ்வரம். செங்கோட்டை ரயில் நின்று போகும் அந்தச் சின்ன ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டுபோன அருணாசலத்தின் வாசிப்பிலிருந்து ஒரு கீற்று. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் சீடரான அவர் 1964-ல் மறைந்தார். இத்தனை ஆண்டுகள் கழித்து, விரல் நகத்தளவு சவ்வின் வழியாகவும் அந்த நாதஸ்வரம் தெருமுனை வரை கேட்கிறது. கைபேசிக்கு நாதஸ்வரத்தைப் போலப் பொருந்துகிற வாத்தியம் இல்லை. திறந்த வெளிக்கென்றே பிறந்தது, உயிரெல்லாம் மேல் ஒலிகளில் இருக்கிறது.

தென்காசியில் இருக்கும் தங்கை குற்றால அருவியின் ஓசைதான் வேண்டும் என்று தானே பதிந்து அனுப்பினாள். அது தோற்றுவிட்டது. அருவியின் ஓசையில் தொடக்கம் இல்லை, தட்டு இல்லை, ஒரே சீரான இரைச்சல். கைபேசியில் அது அடுப்பில் எண்ணெய் காய்கிற சத்தமாக மாறிவிட்டது. அம்மா இரண்டு முறை எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பார்த்தாள். இப்போது தங்கைக்கு இலஞ்சி குமரர் கோயிலின் மாலைநேர மணியோசை. முதல் அடியிலேயே அம்மாவின் தலை நிமிர்ந்துவிடுகிறது. பீடிக்கடையின் எண்ணுக்கு மட்டும் பழைய ஒலியையே விட்டுவைக்கச் சொன்னாள். தெரியாத எண்களுக்கும் அதுவேதான்.

நான் அழைக்கும்போது என் காதில் விழுவது வழக்கமான 'ட்ரிங் ட்ரிங்' மட்டும்தான். அங்கே என்ன ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்பதில்லை. கொஞ்ச நாளாக அம்மா உடனே எடுப்பதும் இல்லை. அடித்து முடிந்து, அழைப்பு தானாகத் துண்டிக்கப்பட்டு, ஒரு நிமிடம் கழித்து அவளே திரும்ப அழைக்கிறாள். ஏன் என்று கேட்டேன்.

"நான் எடுக்கத்தான் போனேன். உன் அப்பா, முடியட்டும் முடியட்டும் என்கிறார். நாற்காலிக் கட்டையில் தட்டிக்கொண்டு இருக்கிறார்" என்றாள்.

அவசரமென்றால் அடுத்தடுத்து இரண்டு முறை அழைப்பது என்று பேசிவைத்திருக்கிறோம். மற்ற நாட்களில் எண்ணை அழுத்திவிட்டுக் கைபேசியை மேசைமேல் வைத்துவிடுகிறேன். முப்பது விநாடியில் அது நிற்கிறது. பிறகு ஊரிலிருந்து மணி வருகிறது.